திராணி இருக்கு

அன்புள்ள அத்தைக்கு மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

சலவைக்கூடத்தில் நாலைந்து விரிப்புகள் கிழிந்துவிட்டன. புதிதாக வந்த பெண்தான் காரணம் என்று மேற்பார்வையாளர் அவளை வேலையை விட்டே அனுப்பப் பார்த்தார்.

"அவ மேல தப்பில்ல சார். மிஷினைத் திறந்து பாருங்க" என்றேன். திறந்தால், உள்ளே ஒரு திருகாணி நீட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

"ஒங்களுக்குத் திராணி இருக்குக்கா" என்றாள் அவள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை, "திராணி இருக்கா?" என்றுதான் நீங்கள் உட்பட எல்லாரும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இருக்கு என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். இரண்டு நாளாக நிமிர்ந்தே நடக்கிறேன்.

உங்கள் பழைய நூல் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே விடுதியில் போர்வை முரடு, தூக்கம் பிடிப்பதில்லை. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மருமகள்