மூன்று கிளாஸிலும் புகை

புரட்டாசி, வெள்ளி இரவு

இடஒதுக்கீடு கேட்டு மறியல். தியாகதுருகம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் பால் வரவில்லை. எங்கள் தேயிலைக் கடையும் திறக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், விற்பனைக்குக் கலந்து வைத்திருந்த மூன்று தேயிலைகளை என் கணவர் வீட்டிலேயே ருசி பார்க்க உட்கார்ந்தார். ஏலக்காய், சுக்கு, பட்டை. பால் இல்லாமல் வடிகட்டி மூன்று கிளாஸில் வைத்தேன்.

மூன்றிலும் ஒரே ருசி. புகை.

"இன்னா, சட்டியைத் தீய வுட்டுட்டியா?" என்று எரிந்து விழுந்தார்.

சட்டி தீயவில்லை. தேயிலை, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். மூடாத பெட்டிகளுக்குப் பக்கத்தில் பொன்னியின் துணி மூட்டையை வைத்தது நான்தான். நேற்று மறியல் கலவரத்தில் அவள் தெருவை யாரோ கொளுத்தியபோது, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மூட்டை இங்கே இருப்பது இவருக்குத் தெரியாது. தெரிந்தால், அடுத்து நம் வீடுதான் என்பார். அதுவும் பொய்யில்லை.

பொன்னி எங்களுக்கு ஏலக்காய் பொறுக்கித் தருபவள். ஒரு காய் பூசணம் பூத்திருந்தாலும் மோந்தே சொல்லிவிடுவாள். சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்கக் கொல்லைப்பக்கமாக வந்தாள். அவள் தலைமுடியிலும் அதே புகை. ஏலக்காய்த் தேயிலையைச் சுடவைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"புகை நாத்தம் அடிக்குதா, பொன்னி?"

கிளாஸை மூக்கருகே வைத்து நெடுநேரம் மோந்து பார்த்தாள்.

"புகையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க பாயம்மா. ஏலக்காதான் கம்மியா கீது."