மோசே என்கிற மூக்கன்

ஆனைக்கல் தோட்டம், மேல்கணக்கு,
நோட்டன் பிரிட்ஜ்.
3.2.1954

கர்த்தருக்குள் அன்பான ஐயரவர்களுக்கு,

உபதேசியார் மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது. பனியும் இருமலும் தவிர இங்கே எங்களுக்கு வேறு குறையில்லை. லிந்துலைக் குருமனையில் தாங்களும் அம்மாவும் சுகமென்று நம்புகிறேன்.

ஒரு பெரிய சிக்கல் வந்திருக்கிறது. நம் சபையைச் சேர்ந்த மோசே பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாரல்லவா, அதற்கு விசாரணை நடந்தது. ஏழு வருஷத்துக்கு முன் தாங்கள் ஒரே நாளில் பதினான்கு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். "அஞ்ஞானப் பெயர் பதிவேட்டில் ஏறாது" என்று சொல்லி மூக்கனை மோசே ஆக்கினீர்கள், அவர் பெண்சாதி ராக்காயியை ராகேல் ஆக்கினீர்கள். அந்த மோசேதான்.

விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். கிறிஸ்தவப் பெயரை மறைத்தால் ஐயர் கோபிப்பாரே என்று மோசே என்றே எழுதிவிட்டேன். புத்தி கெட்ட வேலை. தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் அவர் இன்றைக்கும் மூக்கன். விடிகாலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிட்டாலும் மூக்கன், அரிசி போட்டாலும் மூக்கன். விசாரணைத் துரை இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தோட்டத்தில் மோசே என்று யாரும் வேலை செய்யவில்லையே, நீ யார்?" என்று கேட்டாராம். "ரெண்டும் நாந்தாங்க" என்றிருக்கிறார் இவர். யார் நம்புவார்கள்?

என் சாட்சி செல்லாது, விண்ணப்பம் எழுதியவனே நான்தானே. ஞானஸ்நானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் பதிவேட்டோடு நேரில் வரவேண்டுமாம். மார்ச் 9, காலை பத்து மணி, ஹட்டனில். தவறினால் மனு தள்ளுபடி. பிறகு அந்தக் குடும்பத்துக்கு இந்த நாடும் இல்லை, முன்னோர் விட்டு வந்த அந்த நாடும் இல்லை.

தாங்கள் கட்டாயம் வரவேண்டும்.

தங்கள் உடன் ஊழியன்,
மாசிலாமணி


குருமனை, லிந்துலை.
9.2.1954

பிரியமுள்ள உபதேசியார் அவர்களுக்கு,

மார்ச் ஒன்பதாந் தேதி பேராயர் இங்கே வருகிறார் என்று போன மாதமே எல்லாத் தோட்டங்களுக்கும் எழுதினேன். நான் எழுதுவதை நீர் வாசிப்பதே இல்லையா? எனக்கு ஒன்பது தோட்டம், பதினொரு ஆலயம், ஒரே முதுகு. தலவாக்கலைப் பக்கம் ஆர்மோனியத்தை யார் வாசிப்பது என்று இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. இன்னொரு தோட்டத்தில் கங்காணி பெஞ்சில் யாரோ உட்கார்ந்துவிட்டாராம், கிறிஸ்மஸ் முதல் கங்காணி ஆராதனைக்கு வருவதில்லை. உம்முடைய சபையிலோ போன தடவை என் பிரசங்கத்துக்கு நடுவே முதல் வரிசையிலிருந்து குறட்டை. இவற்றுக்கெல்லாம் நடுவில் நான் சர்க்கார் கச்சேரி ஏறி மூக்கனுக்கும் மோசேக்கும் முடிச்சுப் போட வேண்டுமா?

பெயர் மாற்றியதைக் குற்றம்போல் எழுதியிருக்கிறீர். ஆபிராமுக்கு ஆபிரகாம் என்று பெயர் வைத்தவர் யாரென்று வேதத்தில் பாரும்.

இருவரும் ஒருவரே என்று எழுதி, முத்திரையிட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். அது போதும்.

உமது போதகர்,
யோ. ஆசீர்வாதம்


ஆனைக்கல் தோட்டம்.
18.2.1954

அன்பான ஐயரவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய தாள் போதவில்லை. ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "தாளிடம் கேள்வி கேட்க முடியுமா?" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். போக வர எனக்கு ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

குறட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆறு நாளும் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிற ஜனம் ஐயா. ஏழாம் நாள் ஒன்றரை மணி நேரம் எபிரேயர் நிருபத்தை விளக்கினால் தூங்காமல் என்ன செய்யும்? கெத்செமனேயில் பேதுருவே தூங்கினார். அவர் கொழுந்துக் கூடை சுமந்தவரும் அல்ல.

மோசே என்னமோ தைரியமாகத்தான் இருக்கிறார். "ஐயரு வருவாங்க உபதேசியாரே. தலையில தண்ணி ஊத்துன கையி, வுட்டுருமா?" என்கிறார். ராக்காயி அப்படியில்லை. நேற்று நடுலயத்து வீட்டுக்காரர் எல்லாரும் கேட்க என்னைப் பிடித்துக்கொண்டார். "நாங்களா பேரு கேட்டோம்? எங்கப்பன் வச்ச பேரு நல்லாத்தானே இருந்துச்சு. வச்சவங்க வந்து சொல்லட்டும், இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார். தங்களிடம் பதில் இருந்தால் வந்து சொல்லுங்கள்.

தங்கள் உடன் ஊழியன்,
மாசிலாமணி


லிந்துலை.
25.2.1954

உபதேசியாரே,

வருகிறேன். பேராயரிடம் கெஞ்சி ஒருநாள் தள்ளி வாங்கியிருக்கிறேன். அவருடைய காரியதரிசி எழுதிய பதிலை நீர் பார்க்க வேண்டுமே! பதிவேட்டைக் கொண்டுவருகிறேன். எல்லாரையும் ஒன்பதரைக்கே வந்து நிற்கச் சொல்லும். பிற்பகல் பஸ்ஸுக்கு நான் திரும்பியாக வேண்டும்.

யோ. ஆ.


லிந்துலை.
11.3.1954

பிரியமுள்ள உபதேசியார் அவர்களுக்கு,

நேற்று முன்தினம் நடந்ததைப் பற்றி நீர் சபையாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறீர் என்று எனக்குத் தெரியாது. அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் வெளிச்சம் போதாது. என் கண்ணாடியில் மழைத் தண்ணீர். பெஞ்சில் நான்கு ஆண்கள், நான்கு பேரும் நனைந்த கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு. பதிவேட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்றல்லவா நான் ஆயத்தமாக வந்தேன்? தேதி, ஆலயம், சாட்சிகள், எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொன்னேன். "சரி, இவர்களில் மோசே யார், காட்டுங்கள்" என்று அந்த மனிதர் திடீரென்று கேட்டால் யாருக்கும் தடுமாறத்தான் செய்யும்.

நீர் வாசலில்தானே நின்றீர்? ஒரு ஜாடை காட்டியிருக்கக்கூடாதா?

யோ. ஆசீர்வாதம்


ஆனைக்கல் தோட்டம்.
15.3.1954

ஐயரவர்களுக்கு,

ஜாடையா! சத்தியப்பிரமாணம் பண்ணிவிட்டு நிற்கிற போதகருக்கு உபதேசியார் வாசலிலிருந்து கண் ஜாடை காட்ட வேண்டுமா? நன்றாயிருக்கிறது.

தாங்கள் யாரைக் காட்டினீர்கள் என்றாவது இப்போது தெரியுமா? சோலைமலையை. மாரியம்மன் கோவில் பூசாரி சோலைமலையை! லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரர், மோசேக்குத் துணையாக வந்தவர். நெற்றித் திருநீறு மழையில் கரைந்திருந்தது, வேறொன்றுமில்லை. "இவருக்கு நான் என் கையால் ஞானஸ்நானம் கொடுத்தேன்" என்று தாங்கள் சொன்னதும் அந்த மனிதர் பதறி எழுந்து, "ஐயோ சாமி, நான் இல்லீங்க" என்று கும்பிட்டாரே, அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. விசாரணைத் துரை சிரிக்கக்கூட இல்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

மோசே இரண்டாவதாக உட்கார்ந்திருந்தார். தாங்கள் உள்ளே வந்ததும் சிரித்தவர் அவர்தான். ஏழு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து அவர் கையில் திருவிருந்து அப்பம் கொடுக்கிறீர்கள். கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறதே, ஒருதரமாவது பார்த்தீர்களா? ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறியதும் அங்கியைக் கழற்றிப் பையில் வைத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓட்டம். ராக்காயி தங்களுக்கென்று ரொட்டி சுட்டு, தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி வைத்து, எத்தனை தடவை அதை நானே குடித்திருக்கிறேன்!

மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் தந்திருக்கிறார்கள். ராக்காயி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

மாசிலாமணி


லிந்துலை.
24.3.1954

அன்புள்ள மாசிலாமணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் கிழித்தேன். பிறகு பொறுக்கி ஒட்டவைத்து மறுபடி வாசித்தேன். என் மனைவியும் வாசித்தாள். "இதில் பொய் எது, காட்டுங்கள்" என்றாள். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

பதிவேட்டைத் திறந்து அந்த ஒரு நாளின் பதினான்கு பெயர்களையும் உரக்கப் படித்தேன். எல்லாம் நானே வைத்த பெயர்கள். ஒரு பெயருக்கும் ஒரு முகமும் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, மாசிலாமணி. இனி அந்த ஜனத்துக்கு முன்னால் எப்படி நின்று வேதத்தைத் திறப்பேன்? எனக்கு மாற்றல் வேண்டும் என்று பேராயருக்கு எழுதிவிட்டேன். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதபாடம் நடத்த ஆள் தேடுகிறார்களாம். எனக்குப் பின் வருகிறவர் இளவயதுக்காரராக, நடக்கத் தெம்புள்ளவராக இருப்பார். உங்களுக்கும் நல்லது.

மோசேயிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

ஆசீர்வாதம்


ஆனைக்கல் தோட்டம்.
29.3.1954

அன்பான ஐயரவர்களுக்கு,

மன்னிப்பைத் தபாலில் அனுப்புகிறீர்களே, தங்களை என்ன சொல்வது! நான் திட்டியது தாங்கள் ஓடிப்போவதற்காக அல்ல. அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவருக்கு இப்படி எழுதிவிட்டோமே என்று வருத்தம். இப்போது அந்த வருத்தமும் போய்விட்டது, மறுபடி கோபம்தான் வருகிறது.

தோட்டத் தொழிலாளர் சங்கத்து வக்கீலைப் பார்த்தேன். மேல்முறையீட்டில் ஒரே வழிதான் இருக்கிறதாம். அந்தப் பதினான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி, இவர் இன்னார், பழைய பெயர் இன்னது, தகப்பன் பெயர் இன்னது என்று ஞானஸ்நானம் கொடுத்தவரே ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொன்னால், முதலில் நடந்தது தடுமாற்றம் என்று வாதாடலாம் என்கிறார்.

தாங்கள் கொழும்புக்குப் போகிற செய்தியை மோசேயிடம் சொன்னேன். கத்தியும் கையுமாகத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் நின்றிருந்தார். வெட்டியிருந்த கொப்பை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு கேட்டார்: "புதுசா வர்ற ஐயருக்கு என்னையத் தெரியாதுங்களே. இவங்களுக்கும் தெரியாதுதான், ஆனா இவங்க கத்துக்கிட்டா போதும். அவங்க கத்துக்கிட்டும் புண்ணியமில்லையே. நான் மோசேன்னு சொல்ல ஒலகத்துல இவங்க ஒருத்தருதானே இருக்காங்க?"

இதற்குத் தாங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாற்றல் கடிதத்தைத் திரும்ப வாங்குங்கள். சனிக்கிழமை பஸ் ஏறி வாருங்கள். பிரசங்கம் எழுதிக்கொண்டு வரவேண்டாம், ஞாயிறு நானே பேசிக்கொள்கிறேன். தாங்கள் பாயில் ஜனத்தோடு உட்காருங்கள். படுக்கை மோசே வீட்டில். ராக்காயி கதவைத் திறப்பாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. திறக்காவிட்டால் பூசாரி சோலைமலை தன் காம்பிராவில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் உடன் ஊழியன்,
மாசிலாமணி


(தபாலட்டை)
லிந்துலை, 1.4.1954

அன்புள்ள மாசிலாமணி,

மாற்றல் வேண்டாமென்று பேராயருக்கு மறுபடி எழுதிவிட்டேன். சனிக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பதினான்கு பேரில் வசதிப்பட்டவர்கள் பஸ் நிற்கிற இடத்துக்கு வரட்டும். யார் யாரென்று நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஆசீர்வாதம்