நைனா கட்டிய கோணி

என் நைனாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் சத்தம் இருக்காது என்று நம்புகிறேன். அதனால் இந்தத் தடவையாவது நான் சொல்வது முதல் தடவையிலேயே உன் காதில் விழும். விஷயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறேன். நம் பட்டறை வாசலில் நீ கட்டிவைத்த கோணியைக் கழற்றிவிட்டேன்.

முறைக்காதே. முழுசாகக் கேள்.

நீ கண் மூடிய மறு வருஷம், சைலன்சர் குழாயைத் தாங்கும் நம் பிராக்கெட்டை வாங்குகிற கார் கம்பெனிக்காரர் வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துருப் பிடிக்காதுன்னு சோதனை பண்ண சான்றிதழ் இருக்காம்மா?" என்றார். திருவொற்றியூரில் துருப் பிடிக்காத பொருள் எது நைனா? கடல் காற்று நம் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்றுகொண்டிருக்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் இனி ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறையை மூட வேண்டியதுதான் என்று நினைத்து அன்றைக்கு நான் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் சிறுதொழில் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அரசாங்கத்தில் ஒரு திட்டமாம். கார் உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறைகள் புதிதாக ஏதாவது செய்து பார்க்க, பொதுவில் ஒரு சோதனைக்கூடம் வைத்துத் தருவார்களாம். செலவில் பெரும்பங்கு அவர்களுடையது. "கவர்மென்ட்டு குடுக்கறது வாசப்படிக்கு வர்றதுக்குள்ள வாசப்படியே இருக்காது" என்பாயே, அது ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்த அம்மா வெயிலில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். மோர் கொடுத்து உட்காரவைத்தேன்.

சிக்கல் ஒன்றுதான். தனி ஆளுக்குக் கிடையாது. தெருவில் இந்தத் தொழில் செய்கிற எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் என்றால், எதிர்ப் பட்டறை கோவிந்தசாமியும்.

"எதிர்க்கடை இல்லடி அது, எதிரிக்கடை" என்று நீ சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். உன் அச்சைப் பார்த்து அவர் காப்பியடிக்கிறார் என்றுதானே வாசலில் கோணி தொங்கியது? உன் மகள் அவரோடு ஒரே தாளில் கையெழுத்துப் போடலாமா? வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கோணிய எப்பவோ எடுத்துருக்கணும், உள்ள காத்தே வரல" என்றாள். அவளிடம் கேட்டது என் தப்பு.

சங்கக் கூட்டம் டீக்கடையில் நடந்தது. கோவிந்தசாமி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆரம்பித்தார்.

"உங்க நைனா கண்ணுக்குத்தான்மா கோணி கட்டுனாரு. வாய்க்குக் கட்டலியே" என்றார். "மெஷின் சத்தத்துல அவுருக்குக் காது அவுட்டு. 'தொளைய ரெண்டு நூலு தள்ளிப் போடுடா'ன்னு கத்துவாரு. நான் என் கடையில குந்திகினு கேட்டுகினே இருப்பேன். அவுரு போட்ட அளவு அல்லாம் எனக்கு மனப்பாடம்."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்போ இன்னாத்துக்கு நீங்க அத்த செய்யல?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "செஞ்சிருந்தா உங்க நைனா சொன்னது நெஜமாயிருக்குமே" என்றார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன், நைனா. கண் கொஞ்சம் கலங்கியது.

சோதனை மெஷின் வந்து இறங்கியது ஒரு கூத்து. பெட்டிக்குள் பொருளை வைத்து மூடினால் உப்புத் தண்ணீரைப் பனி மாதிரித் தூவிக்கொண்டே இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கிற நம் சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். "உப்புத் தண்ணி தெளிக்கவா கவர்மென்ட்டு மெஷின் குடுத்துகீது? எங்கூட ஒரு நாளு கூடைய தூக்கிகினு கடலாண்ட வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் தடவை நம் பிராக்கெட் தோற்றுவிட்டது. துளை ஓரமெல்லாம் துருவேறிச் சிவந்து வந்தது. கோவிந்தசாமியின் பிராக்கெட் பூச்சுக் கலையாமல் பளபளவென்று வெளியே வந்தது. நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டாய். ஆனால் பாரத்தைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தபோது அவருடையது வளைவில் விரிசல் விட்டது. உன் வளைவு அசையவே இல்லை.

அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒன்று செய்தோம். உன் வளைவு, அவர் பூச்சு. அந்தப் பிராக்கெட் இரண்டு சோதனையிலும் தேறியது. ஆர்டரும் வந்தது. பாதி இங்கே நடக்கிறது, பாதி எதிரே.

கோணியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. துவைத்துச் சோதனைக்கூட வாசலில் கால்மிதியாகப் போட்டிருக்கிறேன். எல்லோரும் அதில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். கோவிந்தசாமி மாமா மட்டும் அதை மிதிப்பதில்லை. முட்டி வலியோடு தாண்டித்தான் வருகிறார்.

ஆமாம், மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். பழகிக்கொள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன் நைனா. நம் வாசலில் இனி எதையும் கட்ட மாட்டேன். அளவுகளை உன்னைப் போலவே கத்தித்தான் சொல்வேன். எதிர்ப் பட்டறையில் ஒருவர் டம்ளரோடு காத்திருக்கிறார்.

உன் தொண்டையோடு பிறந்த மூத்த மகள்,
மல்லிகா