ஏழாம் வீட்டுக் கொதிகலன்

நாள் 4016, காலை 08:10

இன்று நான் சொல்லாமல் விட்டது: "மாற்றிவிடலாம் அண்ணே."

நிலவின் தென்துருவம், ஏழாம் வீடு. குடியிருப்பவர் இருவர். கொதிகலனைப் பராமரிக்கும் சுடலைமுத்து அண்ணன். பாறைகளை ஆராயும் நான், மதுவந்தி. குழாயில் வரும் நீர் 61 டிகிரி. அழுத்தம் 3.4, நேற்று 3.1. கொதிகலனுக்கு வயது பதினொன்று. உடம்பில் நான்கு வெல்டிங் ஒட்டுகள், நான்கும் அண்ணன் போட்டவை. புதியது பெட்டி பிரிக்காமல் கிடங்கில் கிடக்கிறது. கொதிகலன் அறைக்கு மேலே இரண்டு மீட்டர் மண். அதற்கு மேலே காற்று கிடையாது.

மைய நிலையத்து ரெபேக்காள் அக்கா வானொலியில் கேட்டார்: "பழுது பாக்கப்போறியளா, மாத்தப்போறியளா? ஒரு முடிவச் சொல்லுங்க."

அண்ணன்: "நேத்துதான் ஆயுத பூசை போட்டுப் பொட்டு வச்சிருக்கு. மறுநாளே கழட்டித் தூரப் போட்டா வெளங்குமா யக்கா? எனக்கு முன்னால இது சாவாது."

"மது என்ன சொல்லுதா?"

"அண்ணன் சொல்றதுதான்" என்றேன். நேற்றுப் பொரி தின்றபடி அவர் அதன் வயிற்றைத் தட்டிக்கொடுத்ததைப் பார்த்திருந்தேன்.

நாள் 4017, பிற்பகல் 15:40

அழுத்தம் 4.2. காலையிலிருந்து குழாய்கள் அடிக்கின்றன. சுவருக்குள் ஒருவன் சம்மட்டியோடு அடைபட்டுக் கிடப்பதைப் போல. அலமாரி சரிந்து மாதிரிப் பாறைகள் நொறுங்கின.

14:20க்குக் குழாய் மூட்டு ஒன்று பிய்ந்தது. நீராவி அண்ணனின் முன்கையைப் பிடித்துக்கொண்டது. கையுறையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. வெந்த கையாலேயே ஸ்பேனரை எடுத்துக் கொதிகலனை மூன்று முறை அறைந்தார். பிறகு மூட்டை மாட்டினார்.

கட்டுப் போடும்போதும் மாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுக்க வேறொருவர் இருக்கிறார் என்று நம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. இதை எடுத்துப் படிப்பவருக்கு அது தெரிந்திருக்கும்.

நாள் 4018, காலை 10:55

அழுத்தம் 5.1. பாதுகாப்பு வால்வு 4.5இல் தானாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நீரைச் சூடாக்கும் வெப்பக் கட்டையை வெளியே இழுத்தால்தான் சூடு நிற்கும். அதன் கைப்பிடி முறிந்துவிட்டது. அண்ணன் கொதிகலன் அறைக்குள் சுத்தியலால் கட்டையை அடித்துக்கொண்டிருக்கிறார். இங்கே என் மேசை குதிக்கிறது.

உள்தொடர்பில் அவர்: "வால்வு கல்லு மாரி நிக்கி பிள்ள. ஏன்னு வெளங்கல."

எனக்கு விளங்கியது. இந்த வீட்டின் உலர்ந்த காற்றில் சந்தனம் அரை நாளில் உதிர்ந்துவிடும். அதனால் பூசைப் பொட்டுக்குக் கசிவடைக்கும் பசையைக் கலந்து குழைத்தேன். கொதிகலனின் நெற்றி என்று எனக்குப் பட்ட இடத்தில், உச்சியில், தாராளமாக வைத்தேன். அந்த உச்சிதான் வால்வின் தலை. சூடேறினால் அந்தப் பசை இறுகும். டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

இதை எழுத நான்கு நிமிடம் ஆகிவிட்டது. ஒலிவாங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

11:01

சொல்லிவிட்டேன்.

"அண்ணே, பொட்டுல பசை கலந்துட்டேன். அதான் வால்வு ஒட்டிக்கிச்சு. வெளிய வந்துருங்க."

சிரித்தார். "அடக் கிறுக்கி, இதச் சொல்ல இம்புட்டு நேரமா? நான் என் வெல்டிங்கப் போட்டு ஏசிக்கிட்டு இருக்கேன். சொரண்டுனாப் போச்சு."

"வேண்டாம்ணே. வாங்க."

"ஒரு நிமிசம் இரு."

சுரண்டும் சத்தம் கேட்கிறது.

11:04

வெடித்துவிட்டது. தரை எழும்பி என்னைச் சுவரில் அடித்தது. இரண்டு பல் போய்விட்டது. வலக்கை அசையவில்லை. இடக்கையால் எழுதுகிறேன். கொதிகலன் அறையின் கூரை பிளந்து காற்று போகிறது. இடைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

தட்டுகிறார். உள்ளிருந்து.

அக்கா: "மது, கதவத் தொறக்காத. தொறந்தா வீடே போயிரும், நீயும் போயிருவ. கேக்குதா? மது?"

கடப்பாரையால் கதவை அடித்தேன். பூட்டை அடித்தேன். பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான். நான் அடித்ததும் அவர் திருப்பித் தட்டினார். மூன்று. மறுபடி அடித்தேன். இரண்டு. மறுபடி

நாள் 4031, காலை 09:00

சுடலைமுத்து அண்ணன் 11:07க்கு இறந்தார். கொதிகலன் அடித்தட்டில் பிளந்திருந்தது. அவர் போட்ட நான்கு ஒட்டுகளும் விடவில்லை. கூரையை அடைத்த பிறகு, புதியதைப் பொருத்த எனக்கும் ஆறாம் வீட்டுக்காரருக்கும் ஒன்பது மணி நேரம் ஆனது. நீர் 60 டிகிரி. அழுத்தம் 3.0.