என் பித்தப்பையும் ஒய்.பி. திருச்செல்வமும்

சிம்பாங் ரெங்கம்,
3.2.2025

அன்புள்ள டாக்டர்,

நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். சட்டமன்றத்துக்குப் போனபின் உங்களை எல்லோரும் ஒய்.பி. என்கிறார்கள். எனக்கு வரவில்லை. இருபது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் உங்கள் எதிரே நின்ற நர்ஸ் நான்.

போன் செய்தால் உங்கள் உதவியாளர் சுகுமாறன், "மிஸ்ஸி, லொங்காங்ல சாக்கடைத் தண்ணி அடைப்பா, தெரு விளக்கா?" என்கிறார். "பித்தப்பைப்பா" என்றேன். நகராண்மைக்கு அனுப்புகிறாராம். அதனால்தான் இந்தக் கடிதம்.

பித்தப்பையில் கல். எடுத்தே ஆக வேண்டுமாம். இரண்டு தடவை வலியில் துடித்துவிட்டேன். நீங்கள் செய்தால் படுப்பேன், இல்லையென்றால் கல் என்னோடேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
யோகேஸ்வரி


10.2.2025

அன்புள்ள சிஸ்டர்,

படித்துச் சிரித்தேன், பிறகு பயந்தேன்.

போன வாரம் ஒரு மண்டபத் திறப்பு விழா. ரிப்பன் முன்னால் நின்று, பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினேன். கத்தரிக்கோல் வரவில்லை. யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார், போட்டோவும் எடுத்தார்கள். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மேடையில் யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம் லா" என்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கத்தியைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. என்னால் முடியாது, சிஸ்டர். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிரவீனா செய்யட்டும். நான் பழக்கிய பெண், இன்று என்னைவிடக் கெட்டிக்காரி. காய்ச்சலோடு வலி வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் அன்றைக்கு எந்தக் கூட்டம் இருந்தாலும் வாசலில் இருப்பேன்.

அன்புடன்,
திருச்செல்வம்


14.2.2025

டாக்டர்,

ஊரார் வயிற்றையெல்லாம் திறந்த கைக்கு என் வயிறு மட்டும் ஆகாதாம். நன்றாக அரசியல் கற்றுக்கொண்டீர்கள். நான் படுக்கப் போவதில்லை.

யோகேஸ்வரி


9.3.2025

அன்புள்ள டாக்டர்,

பதினோரு கல். பிரவீனா போத்தலில் போட்டுக் கொடுத்தாள். தையலும் சுத்தம். கஞ்சி குடிக்கிறேன், என் வீட்டுக்காரர் வைக்கும் கஞ்சியைக் குடிப்பதுதான் பெரிய ஆபரேஷன்.

மறுபடி வலி வந்த அன்று உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கோபம் போய் அழுகை வந்தது. காலையில் பிரவீனாவுக்கு நானே போன் செய்தேன். நீங்கள் நான்கு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தீர்களாம். வந்தவர்கள் மனு கொடுத்தார்களாம், வீட்டுக்காரர் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் மனசு ஆறாது. போன தேர்தலில் நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை, டாக்டர். தோற்றால் தியேட்டருக்கே திரும்பிவிடுவீர்கள் என்று எதிராளிக்குப் போட்டேன். வீட்டில் அவருக்குக்கூடத் தெரியாது. முடியாததை முடியாது என்று கைப்பட எழுதிக் கொடுத்த ஒய்.பி. எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அடுத்த தேர்தலில் என் ஓட்டு உங்களுக்கு. இனி அங்கேயே இருங்கள்.

யோகேஸ்வரி