நத்தையின் குரலில் நான்

பிப்ரவரி 4, செவ்வாய்

பரிசளிப்பு விழாவன்று சிற்றாலயத்தில் பாடவேண்டிய பாட்டின் எண்ணைப் பலகையில் மாற்றியது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கோப்பை வாங்க நின்ற பூப்பந்து அணியை வாழ்த்தி முழுப் பள்ளியும் இறந்தவர்களை அடக்கம் செய்யும்போது பாடும் பாட்டில் மூன்று சரணம் பாடியது. நான்காவதில்தான் யாருக்கோ சந்தேகம் வந்தது.

தலைமையாசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் வெண்கலம். ஒரு தட்டுத் தட்டினால் மணிக்கணக்கில் ஒலிப்பார். இன்று நாற்பது நிமிடம். "இது கடைசி எச்சரிக்கை. இன்னொரு தடவை ஏதாவதுன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கோ." கூடவே ஒரு தண்டனை: பருவச் செய்திமடலை நான் எழுத வேண்டும். சாதனைகள், சுற்றுலாக்கள், நிகழ்ச்சிகள்.

எச்சரிக்கைக் கடிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள். திட்டுவதைக்கூட உட்கார்ந்துகொண்டுதான் திட்டினாள். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி." சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. அவள் கால்கள் வீங்கியிருந்தன.

பிப்ரவரி 5, புதன்

செய்திமடல், இதுவரை: பூப்பந்தில் இரண்டாமிடம். முதியோர் இல்லத்தில் பாடற்குழு பாடியது, கேட்டவர்களில் இருவர் தூங்கிவிட்டார்கள் (வெட்டிவிடுவார்கள்). கணிதப் போட்டியில் நத்தைக்கு முதலிடம்.

நத்தை என் பெஞ்சுக்காரி. கணக்கில் மின்னல், நடையில் நத்தை. காலை ஜெபத்துக்கு அவள் ஊர்ந்து வருவதற்குள் பெயர் வாசித்து முடிந்துவிடும். அதனால் அவள் பெயர் வரும்போது அவளுடைய மெல்லிய குரலில் "இருக்கேன் மிஸ்" சொல்வது என் வேலை. ஒன்றரை வருடச் சேவை. இதைச் சாதனைகள் பக்கத்தில் போடமுடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கலங்கரை விளக்கத்துக்கு வகுப்புச் சுற்றுலா. முப்பத்திரண்டு பேர். கூட வந்தது புவியியல் மிஸ் மட்டும்; சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் பேருந்துக்குள் ஓடினோம். ஓட்டுநர் அவசரப்படுத்த, மிஸ் படியில் நனைந்தபடியே பெயர் வாசித்தார். நத்தையின் பெயர் வந்தது. நான் ஜன்னல் கண்ணாடியில் மீசை வரைந்துகொண்டிருந்தேன்.

"இருக்கேன் மிஸ்."

யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது.

இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அவள் பை இருந்தது. அவள் இல்லை.

பேருந்து திரும்பியது. வழியெல்லாம் மிஸ் படியிலேயே நின்றுகொண்டு வந்தார். நத்தை காவலாளியின் அறை வாசலில், யாருடையதோ ஒரு பெரிய சட்டையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் நூற்று எண்பத்தேழு படி என்று போட்டிருக்கிறதாம். அவள் எண்ணியபோது நூற்று எண்பத்தாறுதான் வந்ததாம். சரிபார்க்க மறுபடி ஏறியிருக்கிறாள். இறங்கி வந்தபோது பேருந்து இல்லை.

அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

"நீதானே?" என்றாள் நத்தை. "ஆமா." "பழக்கத்துலயா?" "பழக்கத்துல." புத்தகங்களை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்கு மட்டும் வேகமாக நடந்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

விசாரணை. மிஸ் பெயரே வாசிக்கவில்லை என்று வெண்கலம் முடிவுகட்டிவிட்டார். "வாசிச்சேன், பதில் வந்துச்சு" என்றாராம் மிஸ். "இல்லாத பிள்ளை எப்படிங்க பதில் சொல்லும்?" அதற்கு மேல் மிஸ் வாதாடவில்லையாம். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அனுப்பிவிடுவார்கள் என்று பியூன் அண்ணனே சொல்கிறார்.

நத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயிலிருந்து வருவதெல்லாம் பிழைதான். எழுதிவிட்டேன், சிரிப்பு வரவில்லை. நான் சொன்னால் என் சீட்டுக் கிழியும். சொல்லாவிட்டால் மிஸ்ஸின் சீட்டு. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 11, செவ்வாய்

செய்திமடலுக்குச் சுற்றுலாச் செய்தி: "மாணவிகள் அனைவரும் மகிழ்ச்சியுடன் திரும்பினர்." ஏழு தடவை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

போய்ச் சொன்னேன். உள்ளே நத்தையின் அம்மாவும் இருந்தார், புகார் எழுதிக்கொண்டு.

வெண்கலம் நம்பவில்லை. "மிஸ்ஸைக் காப்பாத்தப் புதுசா ஒரு நாடகமா? உன்னைத் தெரியாதா எனக்கு?" சத்தியமாக நான்தான் என்றேன். "போதும், வகுப்புக்குப் போ." முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், விலை போகவில்லை.

வேறு வழி தெரியவில்லை. அங்கேயே, மேஜைக்கு முன்னால் நின்று சொன்னேன்: "இருக்கேன் மிஸ்."

நத்தையின் அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். மகளைத் தேடினார். அங்கே யாரும் இல்லை என்று புரிந்ததும் மெல்ல என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எழுத வரவில்லை.

இரவு அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனாள். "சாப்பிட்டியா?" என்றாள் பிறகு.

பிப்ரவரி 14, வெள்ளி

குழு கூடியது. வெண்கலம் என்னை அனுப்பிவிடத்தான் சொன்னாராம். தடுத்தது, புகார் கொடுத்தவராக வந்திருந்த நத்தையின் அம்மா. "வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா, அங்கயும் இதே வாயோடதானே போவா? இங்கயே கிடக்கட்டும்." எனக்கு இரண்டு வாரம் இடைநீக்கம், இனி எந்தச் சுற்றுலாவும் கிடையாது. மிஸ்ஸின் வேலை தப்பியது. நிரந்தரமாக்குவதை மட்டும் ஒரு வருடம் தள்ளிவிட்டார்கள். அவரையும் இனி வெளியே அழைத்துப்போக விடமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். "நீ செஞ்சது தப்பு. நான் தலையை எண்ணாததும் தப்பு. ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பிக்காதே" என்றார். மிகவும் களைத்த குரலில்.

மார்ச் 5, புதன்

வகுப்பு அறிவியல் கண்காட்சிக்குக் கிளம்பியது. நத்தை இன்னும் முன் பெஞ்சில்தான். ஆனால் போகிற போக்கில் தன் கணக்கு நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இடைநீக்கத்தில் நான் விட்ட பாடங்கள், எல்லாம் எழுதியிருந்தது.

வகுப்பில் நானும் புவியியல் மிஸ்ஸும் மட்டும். அவர் ஸ்டூலில் ஏறிப் பழைய வரைபடங்களைக் கழற்றினார். நான் வாங்கிச் சுருட்டினேன். வெளியே பேருந்து உறுமத் தொடங்கியதும் மிஸ்ஸின் கை நின்றது.

"எண்ணியிருப்பாங்களா?"

"பாத்துட்டு வரேன் மிஸ்."

ஓடினேன். வாசலில் நின்று ஒவ்வொரு ஜன்னலாக எண்ணினேன். பிறகு படியில் ஏறி உள்ளேயும் ஒரு தடவை எண்ணினேன். யாரோ கிண்டல் செய்தார்கள். பதில் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்தேன். "முப்பத்தொண்ணு மிஸ். சரியா இருக்கு."

அவர் மறுபடி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கவும் இல்லை. அடுத்த வரைபடத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.