வேலி தாண்டிப் போன போதகர்

ருகுங்கிரி
மார்ச் 9

அன்பு மகள் கெமிகிஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், துபாய் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தில் பாதியை மாதர் சங்கத்துக்காரிகளே தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். மழை தொடங்கிவிட்டது, பீன்ஸ் விதைத்தாயிற்று. வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிட்டுப் போ, வெறும் டீ போதாது.

போன வாரம் இங்கிலாந்திலுள்ள நம் தோழமைச் சபையிலிருந்து ரெவரெண்ட் ஹியூ வந்திருந்தார். அங்கே ஆடு வளர்க்கிற ஆறு மலைக் கிராமங்களுக்கு அவர் ஒருவரே போதகராம். ருவாண்டாவில் இரண்டு ஆலயங்களைப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தார். சூட்டுப் போட்டு வருவார் என்று நாங்கள் தோரணம் கட்டிக் காத்து நின்றால், சேறு படிந்த பூட்ஸோடு இறங்கி, முதலில் ரோட்டோரம் மேய்ந்த மாடுகளைத்தான் விசாரித்தார். செவ்வாய்க்கிழமை மதியம் நம் வீட்டில் சாப்பாடு, கேழ்வரகுக் களியும் நிலக்கடலைக் குழம்பும். அவர் இரண்டாவது கவளம் எடுத்தபோது செகாரியா சித்தப்பா தொழுவத்தில் பசு கதறியது. காலையிலிருந்தே கதறிக்கொண்டுதான் இருந்தது, தலைச்சன் ஈற்று என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் எல்லைத் தகராறுக்குப் பிறகு பதினோரு வருஷமாக நான் அந்த வேலியைத் தாண்டியதில்லை என்பது உனக்குத் தெரியுமே. போதகர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேரே வேலியைத் தாண்டிப் போய்விட்டார். இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் நானும் போய் வேலியோரம் நின்றேன்.

உன் சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவருக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்? பிரசங்கம் பண்ணியே கன்னுக்குட்டிய வெளிய கூப்பிடப் போறாராமா?" என்றார். வணக்கம் சொல்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். போதகர், "எட்டு வயசுலேருந்து ஆட்டுக்குட்டி இழுத்திருக்கேன், சோப்பு, வெந்நீர், கயிறு வேணும்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். "சொல்றவன் அந்தப் பக்கம் நின்னே சொல்லட்டும்" என்றார் உன் சித்தப்பா. அப்படியே நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தேன். கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்ததாம், போதகர் தோள்வரை கையை விட்டு அதை நிமிர்த்தினார். பிறகு கயிற்றை இழுக்க இரண்டு பேர் போதவில்லை. உன் சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்ன வேடிக்கை பாக்குற, வாயேன்" என்றார். பதினோரு வருஷத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. போனேன், இழுத்தேன். கன்று விழுந்து மூச்சில்லாமல் கிடந்தது, போதகர் ஒரு வைக்கோலை அதன் மூக்கில் விட்டு ஆட்டினார், தும்மிக்கொண்டு தலையைத் தூக்கியது. கிடாரிக் கன்று.

மூவரும் சாணியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அப்போது உன் சித்தப்பா, "போதகர்கிட்ட ஒன்னு கேளு. எல்லைச் செடி அங்கதான் இருந்துச்சுன்னு ஊர்க்கூட்டத்துல நீ சொன்னியே, அது நெசமான்னு கேளு" என்றார். இந்தத் தடவை ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தேன். போதகர் என்னையே பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும்? அவர் உங்களைத்தானே கேட்கிறார்" என்றார். மகளே, நான் சொல்லிவிட்டேன். தாத்தா இறந்த வருஷம் மழையில் அந்தச் செடியைப் பிடுங்கி சித்தப்பா பக்கம் இரண்டு எட்டு தள்ளி நட்டவன் நான்தான். உன் சித்தப்பா வெகுநேரம் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும். உன் வாயால வரணும்னுதான் இத்தன வருசம் காத்துக்கிடந்தேன்" என்றார். போதகருக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "போய் அந்தச் செடியப் பழைய எடத்துல நட்டுட்டு வந்து சாப்புடுங்க" என்றாள். நட்டுவிட்டேன். உன் பேரில் வைத்த அவகாடோ மரம் இப்போது அவர்கள் பக்கம் போய்விட்டது, வருத்தப்படாதே. ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து நின்றும் சொன்னேன். நான் உபதேசியாராகத் தொடரலாமா என்பதைக் கமிட்டி தீர்மானிக்கும், அதுவரை பிரசங்க மேடை ஏறமாட்டேன். சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சாப்பாடு இறங்குகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சித்தப்பா மகன் முஹ்வேசியும் அதே துபாயில்தான் காவல் வேலை பார்க்கிறான். கூடவே வளர்ந்தவனோடு நீ பேச்சை விட்டது என் வார்த்தையை நம்பித்தான். நம்பருக்குச் சித்தப்பாவிடம் நானே போய்க் கேட்டு வாங்கி, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவனைக் கூப்பிடு. அவன் அப்பா பொய்யர் இல்லை என்று சொல். பொய் சொன்னது யார் என்று அவன் கேட்டால், அதையும் மறைக்காமல் சொல்.

உன் கைவேலையையும் உன் தூக்கத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா,
யோவாசி